மனித ஆன்டிபாடி தயாரித்துத் தரும் சேவை: எத்தனை குளோன் என்பதல்ல, என்ன சோதித்தார்கள் என்பதே கேள்வி

எங்கள் ஆய்வுக்கு ஒரு செல்சவ்வுப் புரதத்தைப் பிடிக்கும் மனித ஆன்டிபாடி (குறிப்பிட்ட இலக்கில் போய் ஒட்டும் நோயெதிர்ப்புப் புரதம்) தேவைப்பட்டது. இதை மொத்தமாகத் தயாரித்துச் சோதித்தும் தரும் ஒரு நிறுவனத்திடம் வேலையைக் கொடுத்தோம். முறை ஃபேஜ் டிஸ்ப்ளே, அதாவது பாக்டீரியாவைத் தாக்கும் வைரஸ்களின் மேற்பரப்பில் ஆன்டிபாடித் துண்டுகளை ஏந்தவைத்துத் தேர்ந்தெடுப்பது; 2018ல் ஜார்ஜ் ஸ்மித்துக்கும் கிரெகரி விண்டருக்கும் வேதியியல் நோபலில் பங்கு வாங்கித் தந்த அதே முறைதான். எலிக்கு ஊசி போடும் வேலையே கிடையாது. பல நூறு கோடி ஆன்டிபாடித் துண்டுகள் கொண்ட நூலகத்தில் நம் புரதத்தைக் காட்டி, ஒட்டுவதை மட்டும் எடுத்து, மறுபடி பெருக்கி, மறுபடி சலிப்பார்கள். மூட்டுவாதத்துக்குத் தரும் அடாலிமுமாப் மருந்தும் ஃபேஜ் டிஸ்ப்ளே வழியாக வந்ததுதான்.

எனக்கு ரொம்பப் பிடித்தது, தோற்ற குளோன்களின் (சலித்தெடுத்த தனித்தனி ஆன்டிபாடிகளின்) தரவையும் மறைக்காமல் அனுப்பியது. ஆன்டிபாடி ஒட்டினால் நிறம் காட்டும் எலிசா சோதனைத் தட்டில் அடர் மஞ்சளாக வந்த ஒரு குளோனை நாங்கள் ஆசையாகப் பார்த்துக்கொண்டிருந்தோம், ஆனால் பக்கத்திலேயே நம் புரதம் போடாத வெறும் குழியின் அளவும் இருந்தது, அதிலும் அதே மஞ்சள். அது பிளாஸ்டிக்கில் ஒட்டுகிற சரக்கு. இந்த ஒரு கட்டம் இல்லாவிட்டால் அதை வைத்து மாதக்கணக்கில் மாரடித்திருப்போம். துண்டாக இருக்கும்போது நன்றாக ஒட்டிய சில, முழு ஆன்டிபாடியாக (ஐஜிஜி) மாற்றி, ஆய்வகத்தில் வளர்க்கும் ஹெச்இகே293 என்ற மனித செல்களில் தயாரித்ததும் திரண்டுபோயின, அதையும் வரைபடத்தோடு சொன்னார்கள்.

குறை என்றால், நம் புரதத்துக்கான மரபணுவை நீக்கிய செல்களில் ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை (புரதமே இல்லாத அங்கேயும் ஒட்டினால் ஆன்டிபாடி தவறு) வழக்கமான தொகுப்பில் இல்லை, தனியாகக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. இது எனக்கு ஒத்துக்கொள்ளவே முடியாத விஷயம். 2023ல் வந்த, ஆன்டிபாடிகளைச் சரிபார்க்கும் ஒய்காரோஸ் (YCharOS) குழுவின் ஆய்வு 65 புரதங்களுக்கான 614 விற்பனை ஆன்டிபாடிகளை இப்படித்தான் சோதித்தது. பாதிக்கு மேற்பட்டவை ஏதாவது ஒரு பயன்பாட்டிலாவது தோற்றன, மரபணு வரிசையிலிருந்து தயாரித்தவைதான் சராசரியில் மேல். அப்படியிருக்க, இந்தச் சோதனையைக் கூடுதல் சேவையாக வைப்பது என்ன நியாயம்?

அப்புறம், தேர்வானவற்றின் மரபணு வரிசையை முழுதாகக் கையில் கொடுத்துவிட்டார்கள். நாளைக்கு அந்த நிறுவனமே இல்லாமல் போனாலும் அதே ஆன்டிபாடியை வேறு எங்கேயும் செய்துகொள்ளலாம். வரிசையைத் தராத இடமென்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் போகாதீர்கள். அடுத்த புரதத்துக்கும் இவர்களிடமே கொடுக்கிறோம், இந்த முறை மரபணு நீக்கிய செல் சோதனையை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கியிருக்கிறோம்.