10 சிட்டிங், 15,000 ரூபாய்: குதிகால் வலிக்கு ஷாக்வேவ் வைக்கப் போகிறவர்கள் கவனத்திற்கு

திருநெல்வேலி மாநகரில் உள்ள ஒரு தனியார் வலி நிவாரண மையத்தில், வலிக்கும் இடத்தில் அதிர்வலையைச் செலுத்தும் ஷாக்வேவ் சிகிச்சை என்ற பெயரில் 15,000 ரூபாயையும் மூன்று வாரங்களையும் இழந்தேன். நான் கொடுத்த புகார் நிலுவையில் இருப்பதால் மையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. அங்கே நடந்ததை மட்டும், எனக்கே வெட்கம் தரும் பகுதிகளையும் சேர்த்து, எழுதுகிறேன்.

நான் சேரன்மகாதேவியில் குடியிருந்து ஒரு பள்ளியில் அறிவியல் பாடம் நடத்துகிறேன். 22 ஆண்டுகளாக நின்றுகொண்டே பாடம் எடுத்த காலுக்கு, ஒன்றரை ஆண்டுக்கு முன் வலி தொடங்கியது. வலது குதிகாலின் பின்புறம், செருப்பு வார் உரசும் இடத்தில், காலையில் படுக்கையை விட்டு எழுந்து வைக்கும் முதல் பத்து அடிகளுக்குக் கத்தியால் கீறுவதுபோல் இருக்கும். நடக்க நடக்கக் குறையும். மாலையில் மறுபடியும் பிடித்துக்கொள்ளும். கெண்டைக்கால் தசையைக் குதி எலும்போடு கட்டி நிறுத்தும் தசைநாண் போய் ஒட்டுகிற இடம் அது. நம் ஊரில் தசைநாண், இரத்தக் குழாய், நரம்பு எல்லாவற்றையும் நரம்பு என்றே சொல்லிவிடுவதால், ‘நரம்புத் தளர்ச்சி’ என்று ஆளுக்கொரு தைலம் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்தபோது எலும்பில் சிறு முள் வளர்ந்திருப்பது தெரிந்தது. அம்பாசமுத்திரத்தில் ஒரு மருத்துவர் அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டார். பத்து நாள் சுகமாக இருந்து, பழையபடி வலி வந்தது.

அந்த நேரத்தில்தான் நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம் வந்தது. சிறு வயதிலிருந்து நான்கு ரத வீதியும் சுற்றி வந்தவள், அந்த ஆண்டு வாகையடி முனையில் ஒரு கடைப் படியில் உட்கார்ந்து தேரைப் பார்க்க வேண்டியதாயிற்று. மறுநாள் செய்தித்தாளுக்குள் செருகியிருந்த ஒரு வண்ணத் துண்டறிக்கை கண்ணில் பட்டது. ‘அறுவை சிகிச்சை இல்லாமல் எலும்பு முள் கரைய ஜெர்மன் ஷாக்வேவ். தேரோட்டச் சிறப்புச் சலுகை: 20,000 ரூபாய் மதிப்புள்ள 10 சிட்டிங் 15,000 ரூபாய்க்கு.’ அன்று இருந்த மனநிலையில், அதைவிடப் பெரிய தொகையைக் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

முதல் நாள் என்னைப் பார்த்தவர் வெள்ளைக் கோட்டு அணிந்திருந்தார். என் காலைத் தொட்டுப் பார்க்கவில்லை. எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துவிட்டு, “முள்ளு வளர்ந்திருக்கு டீச்சர். ஷாக்வேவ் வெச்சா அப்படியே பொடியாயிரும். கிட்னிக் கல்லையே உடைக்கிற மெஷின், இந்த முள்ளு எம்மாத்திரம்?” என்றார். என் கணவருக்கு மதுரையில் சிறுநீரகக் கல்லை அதிர்வலையால்தான் உடைத்தார்கள். ஆகவே அவர் சொன்னது எனக்கு மிகச் சரியாகப் பொருந்தியது. இந்தப் பதிவில் நான் முதலில் எச்சரிக்க விரும்புவதும் இந்த வாசகத்தைத்தான்.

அதிர்வலைகளைக் கொண்டு மனித உடலுக்குள் இருக்கும் சிறுநீரகக் கல்லை உடைக்கும் சிகிச்சை, 1980-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் முதன்முதலாகச் செய்யப்பட்டது உண்மை. தசைநாண் வலிக்கான சிகிச்சை அதன் வழியில் பின்னால் வந்தது என்பதும் உண்மை. ஆனால் குதிகாலுக்கு வைக்கும்போது எதையும் உடைப்பது நோக்கமே இல்லை. ஆற்றலும் பல மடங்கு குறைவு. நாள்பட்ட தசைநாண் வலியில் பெரும்பாலும் அழற்சியைவிட, இழைகள் சிதைந்து ஒழுங்கு குலைந்து கிடப்பதே முதன்மையான கோளாறு. அந்த இடத்தில் அதிர்வைக் கொடுத்து, உடல் மறந்துபோன பழுதுபார்க்கும் வேலையை மறுபடியும் தொடங்கச் செய்வதும், வலி உணர்வை மட்டுப்படுத்துவதும்தான் எதிர்பார்ப்பு. தோள்பட்டைத் தசைநாணில் படியும் சுண்ணாம்பு இச்சிகிச்சையால் சிலருக்குக் கரைவதுண்டு. குதிகால் எலும்பு முள் கரைவதில்லை. முள் இருந்தும் வலியே இல்லாமல் நடப்பவர்கள் ஏராளம் என்பதையும், என் வலிக்கு அந்த முள்ளே காரணம் என்று சொல்லிவிட முடியாது என்பதையும் பிறகுதான் தெரிந்துகொண்டேன். ஒலி அலையைப் பற்றி ஆண்டுதோறும் குழந்தைகளுக்குப் பாடம் நடத்துகிறவளுக்கு, சிகிச்சைக்குப் பிறகு இன்னொரு எக்ஸ்ரே எடுத்து அந்த முள் எங்கே போயிற்று என்று காட்டுவீர்களா என்று கேட்கத் தோன்றவில்லை.

அவர் என்னிடம் கேட்காத கேள்விகள்தான் இன்னும் மோசமானவை. அந்த இடத்தில் ஸ்டீராய்டு ஊசி போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. அந்த ஊசியே தசைநாணைப் பலவீனப்படுத்தி அறுந்துபோகும் அபாயத்தைக் கூட்டக்கூடியது என்பதால், ஊசி போட்டபின் ஆறு வாரமாவது இடைவெளி விட்டே ஷாக்வேவ் வைப்பது வழக்கம். என்னிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. துணைக்கு வந்திருந்த என் மாமியார் முழங்காலைத் தடவிக்கொண்டிருந்ததைப் பார்த்து, “ஆச்சிக்கும் சேர்த்து வெச்சிருவோம், குடும்பச் சலுகை இருக்கு” என்றார். அத்தைக்கு இதய வால்வு மாற்றி எட்டு ஆண்டாகிறது. இரத்தம் உறையாமல் இருக்கத் தினமும் மாத்திரை சாப்பிடுகிறார். அப்படிப்பட்டவர்களுக்கு இரத்தக் கசிவு ஏற்படக்கூடும் என்பதால் இச்சிகிச்சையைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். கர்ப்பிணிகளுக்கும், அந்த இடத்தில் புற்றுநோய்க் கட்டியோ தொற்றோ உள்ளவர்களுக்கும், எலும்பு வளரும் வயதுக் குழந்தைகளின் வளர்ச்சி முனைகளிலும் வைக்கக் கூடாது. அத்தையைக் காப்பாற்றியது என் படிப்பன்று. “எனக்குக் கரண்டெல்லாம் வேண்டாம்ளா” என்று அவரே எழுந்து வெளியே போய் உட்கார்ந்துகொண்டதுதான்.

பத்தாயிரத்தைக் கைப்பேசி வழியாகவும் ஐயாயிரத்தை ரொக்கமாகவும் கட்டினேன். ரசீது கொடுக்கவில்லை; பத்துக் கட்டங்கள் போட்ட மஞ்சள் அட்டை ஒன்றைக் கொடுத்து, ஒவ்வொரு முறையும் ஒரு கட்டத்தில் முத்திரை குத்தினார்கள். ஒன்று விட்டு ஒரு நாள் வரச் சொன்னார்கள். இந்தச் சிகிச்சை வழக்கமாக வாரத்துக்கு ஒரு முறையாக மூன்று முதல் ஐந்து முறை தரப்படுவது; அதற்கு மேல் பொறுத்திருந்து, மூன்று மாதம் கழித்தே பலனைக் கணக்கிடுகிறார்கள். பத்து என்ற எண் எங்கிருந்து வந்தது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை; அட்டையில் கட்டங்கள் அழகாக அமைகின்றன என்பதைத் தவிர.

துண்டறிக்கையில் அலை ஆழத்தில் போய் ஒரு புள்ளியில் குவிவதுபோல் படம் போட்டிருந்தது. உள்ளே இருந்ததோ வேறு வகைக் கருவி. காற்றழுத்தியின் அழுத்தத்தால் கைப்பிடிக்குள் ஒரு சிறு உலோகக் குண்டு ஓடிப் போய் முனையில் மோதுகிறது. அந்த மோதல் தோலிலிருந்து உள்ளே பரவுகிறது. பஞ்சர் கடையில் நிற்பதுபோல் டக்டக்கென்று ஓயாத சத்தம். பரவும் அலையின் வலு தோலில் அதிகம். ஆழம் போகப் போகக் குறையும். குவியும் அலை ஆழத்தில் வேலை செய்யும். அதன் கருவி விலையும் கூட. பரவும் அலைக் கருவி போலி என்று நான் சொல்லவில்லை. குதிகால் தசைநாண் மேலோட்டமாக இருப்பதால் அதைக் கொண்டே நல்ல ஆய்வுகள் நடந்திருக்கின்றன. ஒன்றைக் காட்டி இன்னொன்றை விற்றார்கள் என்பதே என் குற்றச்சாட்டு. அந்தக் கருவியின் மேல் தயாரித்தவர் பெயரோ வரிசை எண்ணோ பொறித்த தகடும் இல்லை.

முதல் மூன்று முறை அந்த வெள்ளைக் கோட்டுக்காரரே வைத்தார். திரையில் எண்ணிக்கை 2,000 வரை ஓடியது. நான்காவது முறை, முன்வாசலில் டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்த பெண் கைப்பிடியை எடுத்தாள். வேலைக்குச் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது என்று அவளே சொன்னாள். எந்த இடத்தில் வலிக்கிறது என்று கேட்காமல் கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை இஸ்திரி போடுவதுபோல் தேய்த்தாள். 800-இல் நிறுத்திவிட்டு அட்டையில் முத்திரை குத்தினாள். அந்தப் பெண்மேல் எனக்குக் கோபமில்லை. ஐந்தாவது, ஆறாவது முறையும் அப்படியே போயின. ஏழாவது முறை போனபோது மெஷின் சர்வீசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். அதற்குப் பதில் வலிக்கு வைக்கும் அல்ட்ராசவுண்டும், ஊரில் ‘கரண்டு வைப்பது’ என்று சொல்கிற சாதாரண மின்தூண்டலும் வைத்து, அவற்றையும் ஷாக்வேவ் கட்டத்திலேயே முத்திரை குத்தினார்கள். கடைசி நான்கு முறையும் இதுதான்.

இத்தனைக்கும் இடையில் வலி குறைந்ததுபோலவே எனக்குத் தோன்றியது. ஒவ்வொரு முறையும் ஒரு காகிதப் பொட்டலத்தில் இரண்டு வேளை மாத்திரை தந்தார்கள். பெயரில்லாத அந்த மாத்திரையில் ஒன்றை எடுத்துப்போய் எங்கள் ஊர் மருந்துக் கடையில் காட்டியபோது, டைக்ளோஃபெனாக் போல இருக்கிறது என்றார் கடைக்காரர். அழற்சியை அடக்கும் வலி மாத்திரைகளை இச்சிகிச்சை நடக்கும் நாட்களில் தவிர்க்கச் சொல்வதே பொதுவான வழக்கம். இங்கே அதையே கையில் கொடுத்து அனுப்பினார்கள். பத்தாவது முத்திரை விழுந்து, பொட்டலமும் நின்ற மூன்றாம் நாள், சேரன்மகாதேவி ரயில் நிலையப் படியில் இறங்க முடியாமல் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றேன்.

அதன் பிறகுதான், முதலிலேயே போயிருக்க வேண்டிய பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு மருத்துவமனைக்குப் போனேன். காலை எட்டு மணிக்குச் சீட்டு வாங்கி, பதினொன்றரைக்குத்தான் உள்ளே போக முடிந்தது. ஆனால் அந்த மருத்துவர் தசைநாணை விரலால் கிள்ளிப் பார்த்தார். ஒற்றைக் காலில் குதியைத் தூக்கச் சொன்னார். ஊசி போட்ட தேதியைக் கேட்டார். சமீபத்தில் சிப்ரோஃப்ளாக்சசின் வகை மாத்திரை சாப்பிட்டீர்களா என்றும் கேட்டார். சிறுநீர்த் தொற்றுக்கும் வயிற்றுப்போக்குக்கும் நாம் கடையில் நாமாகவே வாங்கி விழுங்கும் அந்த மாத்திரை தசைநாணைப் பாதிக்கும் என்று அன்றுதான் அறிந்தேன். அமெரிக்காவில் 2008 முதல் அதன் உறையில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் போட்டு அச்சிடுகிறார்கள்.

இயன்முறை சிகிச்சைப் பிரிவில் கற்றுக்கொடுத்ததற்கு மெஷினே தேவைப்படவில்லை. இரண்டு காலாலும் குதியைத் தூக்கி, வலிக்கும் காலால் மட்டும் மெல்ல இறக்க வேண்டும். 15 முறை வீதம் மூன்று தொகுதி, காலையும் மாலையும், 12 வாரம். 1998-இல் வெளியான ஒரு சுவீடன் ஆய்விலிருந்து பரவிய முறை இது. படி விளிம்பில் நின்று குதியைக் கீழே தொங்கவிடுவது தசைநாணின் நடுப்பகுதியில் வலி உள்ளவர்களுக்கு. எனக்குப்போல் எலும்போடு ஒட்டும் இடத்தில் வலி என்றால், சமதரையில் மட்டுமே செய்ய வேண்டும். செருப்பில் குதிக்கு ஒரு சிறு தாங்கு வைத்துக்கொள்ளச் சொன்னார்கள்.

ஷாக்வேவ் என்பதே ஏமாற்று என்று இதைப் படிக்கிறவர்கள் எடுத்துக்கொள்ளக் கூடாது. என்னைப்போன்ற ஒட்டுமிட வலியில், ஷாக்வேவ் பயிற்சியைவிடக் கூடுதல் பலன் தந்ததாக 2008-இல் ஓர் ஆய்வு வந்தது. நடுப்பகுதி வலியில் இரண்டையும் சேர்த்துச் செய்தவர்கள் பயிற்சி மட்டும் செய்தவர்களைவிட நன்றாக இருந்ததாக மறு ஆண்டு இன்னொன்று வந்தது. மறுபக்கம், சிகிச்சைகளை மதிப்பிடும் பிரித்தானியாவின் நைஸ் (NICE) அமைப்பு 2016-இல் இச்சிகிச்சையைப் பரிசீலித்து, பாதுகாப்பில் பெரிய கவலை இல்லை, பலனுக்கான சான்றோ ஒரே சீராக இல்லை என்றது. பல ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் மதிப்பாய்வுகள், முழங்கை வலிக்கும் தோள் வலிக்கும் வந்தவை, இன்னும் குறைவாகவே நம்பிக்கை தந்தன. ஆகவே, சரியான நோயறிதலுக்குப் பிறகு, சில மாதம் பயிற்சி செய்தும் தீராத வலிக்கு, தகுதி உள்ளவர் கையால், பயிற்சியோடு சேர்த்து வைத்தால் முயன்று பார்க்கலாம். எனக்கு நடந்ததில் இந்த நிபந்தனைகளில் ஒன்றுகூட இல்லை.

வைக்காத நான்கு சிட்டிங்குக்கு உரிய 6,000 ரூபாயைத் திருப்பிக் கேட்டேன். பேக்கேஜ் பணம் திரும்பாது என்று அட்டையின் பின்புறம் அச்சிட்டிருந்ததைக் காட்டினார்கள். பதிவு அஞ்சலில் ஒப்புகை அட்டையோடு கடிதம் அனுப்பினேன், பதில் இல்லை. மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகத்தில் ஒரு மனு கொடுத்திருக்கிறேன். அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக எண்ணியுள்ளேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி இரண்டு ஆண்டுக்குள் புகார் கொடுக்கலாம். நாம் செலுத்திய தொகை ஐந்து லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வழி கேட்க 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ரொக்கமாகக் கொடுத்த ஐயாயிரத்துக்கு என்னிடம் தாள் எதுவும் இல்லாதது இப்போது இடிக்கிறது.

இதே மஞ்சள் அட்டையை வைத்திருப்பவர்கள் திருநெல்வேலியிலும் சுற்று வட்டாரத்திலும் இன்னும் பலர் இருக்க வேண்டும். வரிசையில் என்னோடு உட்கார்ந்திருந்தவர்களே முப்பது பேருக்குக் குறையாது. சிகிச்சை முடிந்துவிட்டது என்று அதைத் தூக்கிப் போட்டுவிட வேண்டாம். எந்தத் தேதியில் உண்மையில் எந்தக் கருவியை வைத்தார்கள், யார் வைத்தார்கள் என்பதை நினைவிருக்கும்போதே ஒவ்வொரு முத்திரைக்கும் பக்கத்தில் எழுதி வையுங்கள்.