மரடோனாவின் நிழலா, நடுக்களத்தின் முதலாளியா?

பெரு நாட்டுக் கால்பந்தின் தற்காப்பு நடுக்கள ஆட்டக்காரர்களில் யார் பெரியவர் என்ற பேச்சு வந்தால், எனக்கு இரண்டு பெயர்கள்தான் முதலில் வரும்: லூயிஸ் ரெய்னா, ஹோசே வெலாஸ்கெஸ். எதிரணியின் தாக்குதலை நடுக்களத்திலேயே அறுக்கிற வேலை ஒன்றுதான், ஆனால் செய்த விதத்தில் இருவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

ரெய்னாவை உலகம் அறிந்தது ஒரே ஓர் ஆட்டத்தால். 1985 ஜூன் 23, லிமா தேசிய மைதானம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, எதிரே அர்ஜென்டினா. மரடோனா எங்கே போனாலும் ரெய்னா கூடவே போனார். சட்டையைப் பிடித்தார், காலைத் தட்டினார், பந்து எங்கோ இருக்கும்போதும் மரடோனாவை விட்டு ஓரடி விலகவில்லை. சிகிச்சைக்காக மரடோனா கோட்டுக்கு வெளியே போனபோது, ரெய்னாவும் கோட்டோரம் வரை போய் அவர் திரும்பி வரும்வரை காத்து நின்றார் என்று இன்றும் சொல்வார்கள். ஒப்லிடாஸ் தொடக்கத்திலேயே அடித்த கோலில் பெரு 1-0 என்று வென்றது.

அழகான ஆட்டமா? இல்லை. இன்றைய நடுவர் என்றால் அரைமணி நேரத்தில் ரெய்னாவை வெளியே அனுப்பியிருப்பார். ஆனால் அடுத்த வருடம் உலகக் கோப்பையைத் தூக்கப்போகிற மனிதரை 90 நிமிடம் கட்டிப்போடுவது சாதாரண வேலையும் இல்லை. தன் ஆட்டத்தை அடியோடு மறந்துவிட்டு, இன்னொருவருடைய ஆட்டத்தைக் கெடுப்பதற்காகவே ஓட வேண்டும். அதற்குப் பெரிய மன உறுதி வேண்டும்.

வெலாஸ்கெஸ் வேறு ரகம். ஆளைத் துரத்தமாட்டார், இடத்தைக் காப்பார். 1978 உலகக் கோப்பையில் குவேட்டோவும் குபிஜாஸும் முன்னால் போய் விளையாடியபோது, பின்னால் விட்டுப்போன வெளியை அடைத்து நின்றவர் இவர்தான். அந்த அணி ஸ்காட்லாந்தை 3-1 என்று வென்றது, நெதர்லாந்தை கோல் இல்லாமல் நிறுத்தியது, பிரிவில் முதலிடம் பிடித்தது. ஈரானுக்கு எதிராக 2ஆவது நிமிடத்தில் முதல் கோலை அடித்ததும் வெலாஸ்கெஸ்தான். முரட்டுத்தனத்தில் ரெய்னாவுக்குச் சளைத்தவர் இல்லை; ஆனால் பந்தைப் பறித்தபின் அதை என்ன செய்வதென்று இவருக்குத் தெரிந்திருந்தது. ரசிகர்கள் முதலாளி என்று பொருள்பட ‘எல் பத்ரோன்’ என்று அழைத்தது சும்மா இல்லை.

அதே தொடரில் அர்ஜென்டினாவிடம் 6-0 என்று தோற்ற ஆட்டத்தில், இரண்டாம் பாதி தொடங்கிய சில நிமிடங்களில் அவரை வெளியே எடுத்தார்கள். ஏற்கெனவே நான்கு கோல் வாங்கியாகிவிட்டது என்பது சரிதான். ஆனாலும் வெள்ளத்தைத் தடுக்க வேண்டிய நேரத்தில் அணையை எடுத்த அந்த முடிவை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை.

இருவரின் வித்தியாசத்தை எனக்கு நன்றாகப் புரியவைத்தது லிமா ஆட்டத்துக்கு ஒரு வாரம் கழித்து புயனோஸ் ஐரிஸில் நடந்த ஆட்டம். ஜூன் 30. மரடோனா அங்கும் கோல் அடிக்கவில்லை. ஆனால் அர்ஜென்டினாவுக்காக பஸ்குல்லி அடித்தார், கடைசிக் கட்டத்தில் கரேகா அடித்தார். ஒருவரைப் பூட்டினால் மற்றவர்களுக்கு வழி திறந்துவிடும் என்பதுதான் மேன் மார்க்கிங்கின், அதாவது ஒரே ஆளை ஒட்டிக்கொண்டு தடுக்கும் முறையின், பெரிய ஓட்டை. மறுபக்கம், பெரு பின்தங்கியிருந்தபோது சமன் செய்த கோலை அடித்தவர் 33 வயது வெலாஸ்கெஸ். பர்படில்லோ இன்னொன்று அடித்து முன்னிலை வாங்கித் தந்தார். 81ஆவது நிமிடம் வரை பெரு நேரடியாகத் தகுதி பெறும் நிலையில் இருந்தது. கரேகாவின் கோலால் 2-2. அதோடு அர்ஜென்டினா 1986 உலகக் கோப்பை நடந்த மெக்சிகோவுக்குப் போனது.

பெரு சிலியுடனான பிளே-ஆஃபுக்கு, அதாவது நேரடியாகத் தகுதி பெறாத அணிகளுக்கான கூடுதல் சுற்றுக்கு, தள்ளப்பட்டு, இரண்டு ஆட்டத்திலும் தோற்றது. சிலியில் மரடோனா இல்லை. ஒட்டிக்கொள்ள ஒரு ஆள் இல்லாத இடத்தில் ரெய்னா வகை ஆட்டக்காரருக்குப் பாதி வேலை போய்விடுகிறது. ஒரே ஒரு ராத்திரி, ஒரே ஒரு மேதையை நிறுத்த வேண்டுமென்றால் நான் ரெய்னாவைத்தான் கூப்பிடுவேன். ஒரு உலகக் கோப்பைக்கு அணி கட்டச் சொன்னால், வெலாஸ்கெஸ் பெயரை எழுதிவிட்டுத்தான் மற்ற பத்துப் பேரை யோசிப்பேன்.