எதிர் வண்டி லைட் அடித்தால் என்ன அர்த்தம்? டெல்டா சாலைகளில் கார் ஓட்ட வருபவர்களுக்கு

தஞ்சாவூரிலிருந்து திருவையாறு 13 கிலோமீட்டர்தான். அதற்குள் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று ஐந்து ஆறுகளைத் தாண்டிவிடுகிறோம். வெளிநாட்டிலிருந்து வந்து, சொந்தக்காரர் காரை எடுத்துக்கொண்டு கிளம்புபவர்கள் முதல் தப்பைச் செய்வது டெல்டாவின் இதுபோன்ற ஆற்றுப் பாலங்களின் வாயில்தான். எதிரே வரும் பஸ் இரண்டு முறை லைட் அடிக்கிறது. லண்டனில் ஓட்டிப் பழகியவர் அதை "நீங்க முதல்ல போங்க" என்று எடுத்துக்கொண்டு பாலத்துக்குள் நுழைகிறார். பஸ்காரர் சொன்னது "நான் வந்துட்டேன், நில்லு" என்று. குறுகிய பாலத்தில் இரண்டும் நேருக்கு நேர் நின்றால், பின்னால் கரும்பு லாரி வந்து நின்றுவிட்ட பிறகு ரிவர்ஸ் எடுக்கவும் இடமிருக்காது.

பிரிட்டனின் சாலை விதிப் புத்தகமான ஹைவே கோடின் 110ஆம் விதியைப் பார்த்தால் நம் பஸ் டிரைவர் செய்வதுதான் சரி. நான் இங்கே இருக்கிறேன் என்று காட்ட மட்டுமே லைட் அடிக்கலாம், வேறு எந்தச் செய்திக்கும் கூடாது என்கிறது அது. லைட் அடித்ததை வழி விட்டதாக நினைத்துக்கொண்டு போகாதே என்று 111ஆம் விதியும் சொல்கிறது. வழிவிட லைட் அடிப்பது அங்கே மக்களாக வளர்த்துக்கொண்ட பழக்கம். அந்தப் பழக்கத்தை விமானத்திலேயே விட்டுவிட்டு வர வேண்டும். டெல்டாவில் லைட் அடித்தவர் நிற்க மாட்டார் என்று வைத்துக்கொண்டு ஓட்டுங்கள்.

பகலில், திறந்த சாலையில், எதிர்ப்பக்கம் வரும் கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக லைட் அடித்தால் உள்ளூர்க்காரர் மனதில் முதலில் வருவது "முன்னாடி செக்கிங்" என்பதுதான். பைக்கில் வருபவர் உள்ளங்கையால் தலையைத் தட்டிக் காட்டினால் ஹெல்மெட் செக்கிங். கையைக் கீழ்நோக்கி அமுக்கிக் காட்டினால் மெதுவாகப் போ. ஆனால் லைட் அடிப்பதற்கெல்லாம் போலீஸ்தான் காரணம் என்று முடிவு கட்டுவது ஆபத்து. வைக்கோல் லோடு சாய்ந்து கிடக்கலாம், மாடு படுத்திருக்கலாம், சாமி ஊர்வலம் வரலாம், உங்கள் டிக்கியே திறந்து கிடக்கலாம், இரவென்றால் நீங்கள் ஹை பீமில் வருகிறீர்கள் என்று திட்டுவதாகவும் இருக்கலாம். முதலில் டேஷ்போர்டில் ஹை பீமைக் காட்டும் நீல விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அதுதான் காரணம். எரியாவிட்டால் காலை ஆக்சிலரேட்டரிலிருந்து எடுத்துவிட்டு, கண்ணாடியில் பின்னால் வருபவரைப் பார்த்துவிட்டு, சாலையின் இரு ஓரத்தையும் கவனியுங்கள். 2017 ஏப்ரலுக்குப் பிறகு விற்ற பைக், ஸ்கூட்டர்களில் பகலிலும் ஹெட்லைட் தானாக எரியும். அது சைகை இல்லை.

வேகத்தைப் பிடிக்கும் கருவி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால், லைட்டைப் பார்த்துவிட்டு அவசரமாக பிரேக் அடிப்பதில் பயனில்லை என்பது புரியும். வேகத்தைச் சோதிக்கப் போலீஸ் நிறுத்தும் இன்டர்செப்டர் வண்டியில் இருக்கும் லேசர் ஸ்பீடு கன், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புத் துடிப்புகளை அனுப்பி, அவை திரும்ப வரும் நேரத்தை வைத்துக் கணக்கிடுகிறது. கற்றை மிகவும் ஒடுங்கியது. 300 மீட்டர் தூரத்தில்கூட அதன் அகலம் ஏறத்தாழ 1 மீட்டர்தான். அதனால் நான்கு வண்டிகள் சேர்ந்து வந்தாலும் ஒன்றை மட்டும் குறிவைக்க முடியும். அளக்க ஒரு விநாடிகூடத் தேவையில்லை. போலீஸ் ஜீப் உங்கள் கண்ணில் படும்போது எண் ஏற்கெனவே திரையில் வந்திருக்கும். இந்தக் கருவிக்கு நேரான பார்வை வேண்டும் என்பதால் வளைவில் நிற்க மாட்டார்கள், நீளமான நேர்ச்சாலைதான் தேடுவார்கள். திருச்சி–தஞ்சாவூர் நான்குவழிச் சாலை மாதிரியான இடங்கள் அதற்கு வாகானவை. அங்கே நடுவில் தடுப்பும் அரளிச் செடியும் இருப்பதால் எதிர்ப்பக்க லைட் பாதி நேரம் உங்களுக்குத் தெரியவே தெரியாது. இந்த எச்சரிக்கை மொழி உயிரோடு இருப்பது கும்பகோணம்–மயிலாடுதுறை, திருவாரூர்–நாகப்பட்டினம் பக்கத்துப் பழைய சாலைகளில்.

ஒரு கணக்கு. செக்கிங் இடத்தைத் தாண்டி ஒரு நிமிடம் ஆன பிறகு ஒருவர் உங்களுக்கு லைட் அடிக்கிறார், அவர் 80ல் வந்தார் என்றால், போலீஸ் நிற்கும் இடம் இன்னும் 1.3 கிலோமீட்டர் தூரத்தில் இருக்கிறது. நீங்களும் 80ல் போனால் ஒரு நிமிடம் இருக்கிறது. அவசரமே இல்லை. ஆனால் நடப்பது வேறு. லைட்டைப் பார்த்ததும் வலது காலை முழுக்க பிரேக்கில் வைக்கிறார்கள். ஈரமில்லாத தாரில், நல்ல டயரோடு, டிரைவர் சுதாரிக்க ஒன்றரை விநாடி எடுத்துக்கொண்டால், 100 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் நிற்க ஏறத்தாழ 98 மீட்டர் வேண்டும். 80ல் 69 மீட்டர், 60ல் 45 மீட்டர். உங்கள் பம்பரை ஒட்டி 15 மீட்டரில் வரும் தனியார் பஸ்ஸுக்கு அந்த இடம் கிடையாது. லைட் அடித்து நல்லது செய்ய நினைத்தவரால் இப்படியும் மோதல் நடக்கும். இன்னொன்று பைக்குகள். ஹெல்மெட் இல்லாதவர்கள் சைகையைப் பார்த்ததும் அங்கேயே யு-டர்ன் போட்டு, தவறான பக்கத்தில் ஓரமாகத் திரும்பி வருகிறார்கள், அல்லது வாய்க்கால் கரை மண் ரோட்டுக்குச் சட்டென்று இறங்குகிறார்கள். எதிர்ப்பக்கத்தில் லைட் அடிக்கும் வரிசையைக் கண்டால், இடது ஓரத்தில் எதிர்த்து ஒரு பைக் வரும் என்று எதிர்பார்த்தே ஓட்டுங்கள்.

நாமும் பதிலுக்கு அடித்து அடுத்தவரைக் காப்பாற்றலாமா என்று கேட்பவர்கள் உண்டு. மோட்டார் வாகனச் சட்டம் 1988ல் இதற்கென்று பெயர் சொல்லி ஒரு பிரிவு கிடையாது. பொது ஊழியரின் பணியை வேண்டுமென்றே தடுப்பது பற்றி, இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 221ஆவது பிரிவு பேசுகிறது: 3 மாதம் வரை சிறை, 2,500 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சும்மா லைட் அடிப்பது அதற்குள் வருமா என்பது வாதத்துக்குரியது. பிரிட்டனில் இந்த வாதம் நீதிமன்றம் வரை போய், 1907ல் எச்சரித்தவர் விடுதலை, 1910ல் எச்சரித்தவருக்குத் தண்டனை என்று இரண்டு பக்கமும் தீர்ப்பு வந்திருக்கிறது. எச்சரிக்கப்பட்டவர் உண்மையிலேயே வேகமாக வந்தாரா என்பதைச் சுற்றித்தான் அந்த வழக்குகள் சுழன்றன. அமெரிக்காவின் மிசௌரியில் 2014ல் ஒரு ஃபெடரல் நீதிபதி இதைப் பேச்சுரிமையாகவே பார்த்தார். அந்தத் தீர்ப்புகள் எதையும் இங்கே ஒரு எஸ்.ஐ.யிடம் சொல்லிப் பயனில்லை.

சட்டத்தை விடுங்கள். உங்களுக்கு எதிரே வருபவர் யார் என்று உங்களுக்குத் தெரியாது. நீங்கள் காப்பாற்ற நினைப்பது பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் அப்பாவாக இருக்கலாம். குடித்துவிட்டு வேனை ஓட்டி வருபவராகவும் இருக்கலாம். இரவு நேரத்தில் நிற்கும் செக்கிங் பெரும்பாலும் குடித்து ஓட்டுபவர்களுக்காகத்தான். அந்த ஒரு வேன் அடுத்த ஊரில் யாருடைய வாசலில் ஏறும் என்று யோசித்தால் விரல் தானாகவே அந்த ஸ்விட்சை விட்டு விலகும். போலீஸைக் காட்டிக்கொடுக்க அடிக்காதீர்கள். ஆனால் கீழ்க்கண்டவற்றுக்குத் தயங்காமல் அடியுங்கள்.

குறுவை அறுவடை முடியும் புரட்டாசி, ஐப்பசியிலும், சம்பா அறுவடை நடக்கும் தை, மாசியிலும் பாதிச் சாலையில் நெல் காயும். அதைக் காக்கச் சுற்றிலும் கல்லும் கட்டையும் வைத்திருப்பார்கள். சாயங்காலம் நெல்லை அள்ளிக்கொண்டு போவார்கள், கல் அங்கேயே கிடக்கும். இருட்டில் அதில் ஏறினால் டயரும் ரிம்மும் போகும், பைக்கில் வருபவருக்கு உயிரே போகும். அரசு நெல் வாங்கும் நேரடி கொள்முதல் நிலையம் உள்ள இடங்களில் மூட்டை ஏற்றிய டிராக்டர்கள் சாலையிலேயே வரிசை கட்டும், பல டிப்பர்களில் பின்விளக்கு இருக்காது. போரடிக்க ரோட்டில் விரித்த வைக்கோல் மேல் காரை விடாதீர்கள். அது அடியில் சுற்றிக்கொண்டு சைலன்சர் சூட்டில் தீப்பிடிக்கும். ஆகஸ்ட் 29 கொடியேற்றத்திலிருந்து செப்டம்பர் 8 வரை நடக்கும் வேளாங்கண்ணித் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்து வருபவர்கள் இரவெல்லாம் சாலை ஓரத்திலேயே போவார்கள். இவற்றில் எதைத் தாண்டி வந்தாலும் எதிரே வருபவருக்கு இரண்டு முறை சுருக்கமாக அடித்து, கையால் மெதுவாக என்று காட்டுங்கள். இது ஊருக்குச் செய்யும் உதவி.

எப்படி அடிப்பது என்பதிலும் வெளிநாட்டுக்காரர்கள் தடுமாறுகிறார்கள். மாருதி, ஹுண்டாய், டாடா, டொயோட்டா போன்றவற்றில் லைட் தண்டு ஸ்டீயரிங்கின் வலதுபக்கம், வைப்பர் இடதுபக்கம். ஐரோப்பியக் கார் பழகிய கை இடதைத் தட்டும், கண்ணாடியில் வைப்பர் ஓடும். வலதுத் தண்டை உங்களை நோக்கி இழுத்து விட்டால் ஒரு ஃப்ளாஷ். முன்னால் தள்ளினால் ஹை பீம் நிரந்தரமாக எரியும். தள்ளிவிட்டு மறந்து, எதிரே வரும் பத்து வண்டியின் கண்ணைக் கூசவைத்துக்கொண்டு போவது நிறைய நடக்கிறது. ஓட்டுவதற்கு முன் வீட்டு வாசலில் நின்று ஐந்து முறை பழகிக்கொள்வது நல்லது.

வாடகைக் கார் என்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். நீங்களே ஓட்டும் வாடகை வண்டிக்குக் கறுப்புப் பிளேட்டில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். தெரிந்தவர் வெள்ளைப் பிளேட் வண்டியைக் காசு வாங்கிக்கொண்டு கொடுத்தால், விபத்தில் இன்சூரன்ஸ் சிக்கல் உங்கள் தலையில்தான். வெளிநாட்டு லைசென்ஸோடு ஓட்டுபவர்கள் கிளம்பும் நாட்டிலேயே இன்டர்நேஷனல் டிரைவிங் பெர்மிட் வாங்கி வர வேண்டும், இங்கே வந்து கேட்டால் கிடைக்காது. ஆக்டிங் டிரைவர் வைத்துக்கொள்பவர்கள் ஏறும்போதே சொல்லிவிடுங்கள்: "அண்ணே, 80க்கு மேல வேண்டாம், லேட்டானா பரவாயில்ல." தஞ்சாவூரிலிருந்து திருச்சி ஏறத்தாழ 55 கிலோமீட்டர். 80ல் 41 நிமிடம், 100ல் 33. எட்டு நிமிடத்துக்காக அவரை விரட்ட வேண்டியதில்லை. விமானத்தைப் பிடிக்க நேரமாகிவிட்டது என்று பின்சீட்டிலிருந்து சொல்லும் ஒரு வார்த்தைதான் பல நேரம் ஸ்பீடோமீட்டர் முள்ளை ஏற்றுகிறது.

அதிவேகத்துக்குப் பிடிபட்டால்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 183ஆவது பிரிவின்படி காருக்கு 1,000 முதல் 2,000 ரூபாய் வரை. மறுபடி பிடிபட்டால் லைசென்ஸையும் எடுத்துக்கொள்ளலாம். நிறுத்தாமலே கேமராவில் பதிவானால் நோட்டீஸ் வந்து சேரச் சில நாள் ஆகலாம், அது வண்டி உரிமையாளரின் மொபைலுக்கும் முகவரிக்கும்தான் போகும். அதற்குள் நீங்கள் விமானம் ஏறியிருப்பீர்கள், மாமாவோ சித்தப்பாவோ அதைக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே புறப்படும் முன், அபராதச் சீட்டுகளைப் பார்க்கும் அரசின் பரிவாஹன் இ-சலான் தளத்தில் வண்டி நம்பரையும், ஆர்.சி.யில் உள்ள சேசிஸ் அல்லது இன்ஜின் எண்ணின் கடைசி 5 இலக்கத்தையும் போட்டுப் பாருங்கள். தளத்தின் முகவரி .gov.in என்று முடிய வேண்டும். சலான் என்று சொல்லி வாட்ஸப்பில் வரும் ஏபிகே (போனில் ஆப் ஏற்றும்) கோப்பைத் திறந்தால் வங்கிக் கணக்கு காலியாகலாம். இதை ஊரில் இருக்கும் பெரியவர்களிடமும் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள், ஏனென்றால் அடுத்த மாதம் அந்த மெசேஜ் வரப்போவது அவர்கள் போனுக்கு.