புள்ளிமான் யாருக்குச் சொந்தம்? கோடியக்கரையும் டெக்சாஸும்

வேதாரண்யம் பக்கம் ஆடு வாங்குவதென்றால் பல்லைப் பிடித்துப் பார்த்து, துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசி, ஓட்டி வந்துவிடலாம். அதே ஊரில், கோடியக்கரைக் காட்டிலிருந்து வழிதவறி வந்த புள்ளிமான் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தால் வழக்கு. 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டப்படி அது அரசின் சொத்து. அடைத்து வைத்த இடத்தில் பிறந்த குட்டியும் அப்படித்தான்.

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் கதை தலைகீழ். நம் புள்ளிமான் அங்கே வந்தேறி. பண்ணை வேலிக்குள் இருந்தால் ஆடு மாடு மாதிரி பண்ணைக்காரருடையது, விற்கலாம். வேடிக்கை என்னவென்றால், அந்த மண்ணிலேயே பிறந்த வெள்ளைவால் மான் மக்கள் சொத்து. அரசிடம் அனுமதி வாங்கி, அடையாளம் போட்டுத்தான் வளர்க்க முடியும்.

சொந்தமென்றால் தீனி ஒழுங்காகக் கிடைக்கும், அது சரி. ஆனால் நோய்? மான்களின் மூளையைக் கரைக்கும் தீராத நோயொன்று 2015இல் டெக்சாஸ் வளர்ப்புப் பண்ணையில் தென்பட்டது. வண்டியேறி மான் பண்ணை மாறினால் நோயும் கூடவே போகும். அதனால் அனுமதி, அடையாளம் என்ற அந்தக் கெடுபிடியை நான் குறை சொல்லமாட்டேன். இங்கே பண்ணைக்கு அனுமதி கொடுத்தால் எனக்கு வேறொரு பயம்: காட்டில் பிடித்த மானுக்கும் பண்ணைச் சீட்டு ஒட்டிவிடுவார்கள்.