சார்ஜிங் பின் செத்த போனுக்கு சாஃப்ட்வேர்: எந்த வழி தேறும்?

ஆனி, ஆடியில் மழை பிடித்துவிட்டால் குமுளியில் மொபைல் கடைகளுக்கு வேலை குவியும். கம்பத்திலிருந்தும் கூடலூரிலிருந்தும் ஜீப்பேறி ஏலத்தோட்டத்துக்கு வருகிறவர்கள் போனை பிளாஸ்டிக் கவரில் சுற்றித்தான் மடியில் செருகுகிறார்கள். வெளியே பெய்கிற மழை உள்ளே போகாது, சரி. கவருக்குள் வேர்க்கிற ஈரம் போக வழியில்லையே. ரெண்டு மழைக்காலம் தாண்டுவதற்குள் சார்ஜிங் பின்னில் பச்சை பூத்துவிடும். அந்த நேரம் பார்த்து போனும் முழுதாக ஆன் ஆகாமல் கம்பெனி லோகோவிலேயே நின்றுவிட்டால்? கம்ப்யூட்டரில் மாட்ட வழியில்லாத போனுக்கு சாஃப்ட்வேர் ஏற்ற இருக்கிற வழிகளில் எது எந்த போனுக்குச் சரிப்படும், எது வெறும் வேலைக்கேடு என்பதுதான் இங்கே பேச்சு.

முதலில் பின் உண்மையிலேயே செத்துவிட்டதா என்று பாருங்கள். மைக்ரோ யுஎஸ்பியில் ஐந்து கம்பி. சார்ஜ் ஏற இரண்டு போதும். டேட்டா போக வேறு இரண்டு வேண்டும். அதனால்தான் சில போனில் சார்ஜ் ஏறும், ஆனால் கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாது. சார்ஜுக்கு மட்டுமே ஆன மலிவு கேபிள்களும் உண்டு. வேறு நல்ல கேபிள் ஒன்றைப் போட்டுப் பார்க்காமல் பின்னைக் குறை சொல்லக் கூடாது. போனை அணைத்துவிட்டு, டார்ச் அடித்து உள்ளே பாருங்கள். நடுவில் இருக்கிற சின்ன நாக்கு நேராக இருந்து, மேலே பஞ்சும் தூசியும் மட்டும் அடைந்திருந்தால் பல்குச்சியால் மெல்ல வழித்தெடுத்தாலே பாதி கேஸ் முடிந்துவிடும். நாக்கு சாய்ந்தோ, தகடு பச்சையாகவோ இருந்தால் தொடர்ந்து படியுங்கள். பென் டிரைவை ஓடிஜி (போனில் பென் டிரைவை மாட்டுகிற சின்ன கனெக்டர்) போட்டு ஏற்றலாமே என்று கேட்பவர்களுக்கு: அதுவும் அதே ஓட்டை வழியாகத்தான் போக வேண்டும்.

ரீசெட் ஒரு பக்கம், முழு சாஃப்ட்வேர் மறுபக்கம்

கடைக்காரர் "சாஃப்ட்வேர் போடணும்" என்று சொன்னால் அது இரண்டில் ஒன்று. ஃபேக்டரி ரீசெட் என்பது உங்கள் டேட்டாவை மட்டும் துடைக்கும். சிஸ்டம் இருக்கிற பகுதியைத் தொடாது. முழு சாஃப்ட்வேர் ஏற்றுவது அந்தச் சிஸ்டத்தையே புதிதாக எழுதுவது. ஹேங் ஆவது, ஆப் தானாக மூடுவது, விளம்பரமாகக் கொட்டுவது போன்ற கோளாறுகளில் பெரும்பாலானவை டேட்டா பக்கத்தைச் சேர்ந்தவை. ரீசெட்டே போதும், கேபிள் வேண்டாம். செட்டிங்ஸ் வரை போன் போனால் அங்கேயே செய்யலாம். போகாவிட்டால் ரெக்கவரியில், அதாவது பட்டன்களை அழுத்தித் திறக்கிற பழுதுபார்ப்புத் திரையில் செய்யலாம். ஹோம் பட்டன் உள்ள பழைய சாம்சங்கில் வால்யூம் அப், ஹோம், பவர் மூன்றையும் சேர்த்து அழுத்த வேண்டும். சிஸ்டம் கோப்பே கெட்டிருந்தால் மட்டும் ரீசெட் எத்தனை தடவை போட்டாலும் லோகோ தாண்டாது.

ரீசெட் போடும் முன் ஒரு எச்சரிக்கை. ஆண்ட்ராய்டு 5.1 முதல் கூகுள் பூட்டு உண்டு. ரெக்கவரி வழியாக ரீசெட் போட்டால், பழைய ஜிமெயிலும் பாஸ்வேர்டும் கேட்டு நிற்கும். எங்கள் பக்கம் பாதிப் பேருக்கு அந்த ஜிமெயில் போன் வாங்கிய கடையில் யாரோ போட்டுக் கொடுத்தது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. தோட்டத்து அக்கா ஒருவர் போனை நீட்டியதும் கேட்டது, "தம்பி, பேரன் போட்டோ போயிருமா?" என்பதுதான். "போயிரும்க்கா, முதல்ல அதை எடுத்துருவோம்" என்று மெமரி கார்டுக்கு மாற்றிவிட்டுத்தான் மற்ற வேலை. எந்த வழியில் இறங்கினாலும் இதுதான் முதல் படி.

கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம்

கேபிள் இல்லாமல் முழு சாஃப்ட்வேர் ஏற்ற ரெட்மி வசதியானது, போன் ஆன் ஆகிறவரை. 2017-இல் வந்த ரெட்மி நோட் 4 போன்ற போன்களில் செட்டிங்ஸில் எம்ஐயுஐ (ரெட்மியின் சிஸ்டம்) வெர்ஷனைத் தொட்டால் அப்டேட்டர் வரும். மேலே மூலையில் இருக்கிற புள்ளிகளுக்குள் சமீபத்திய பேக்கேஜை முழுதாக இறக்குகிற வசதி இருக்கிறது. கையில் இருக்கிற ஃபைலைத் தேர்ந்தெடுத்து ஏற்றுகிற வசதி தெரியாவிட்டால், அதே பக்கத்தில் இருக்கிற எம்ஐயுஐ லோகோவைப் பத்துத் தடவை தட்டினால் முளைக்கும். அந்த ஃபைல் ரெக்கவரி ரோம் (ரோம் என்பது முழு சிஸ்டம் ஃபைல்), அதாவது ஜிப்பாக இருக்க வேண்டும். டிஜிஇசட் என்று முடிகிற ஃபாஸ்ட்பூட் ரோம் கம்ப்யூட்டருக்கானது. போனில் இருப்பதைவிடப் பழைய வெர்ஷனைக் கொடுத்தால் சரிபார்ப்பில் நின்றுவிடும்.

ஆனால் அதே ரெட்மி லோகோவில் சிக்கிவிட்டால் கை விரித்துவிடும். அதன் ரெக்கவரியில் மூன்றே வரிதான்: ரீபூட், வைப் டேட்டா, எம்ஐ அசிஸ்டென்ட்டோடு இணை. மூன்றாவது கம்ப்யூட்டர் மென்பொருள், அதற்குக் கேபிள் வேண்டும். மெமரி கார்டிலிருந்து ஏற்றுகிற பேச்சே அங்கே இல்லை.

சாம்சங் நேர்மாறு போலத் தெரியும். ரெக்கவரியில் 'அப்ளை அப்டேட் ஃப்ரம் எஸ்டி கார்டு' என்று வரியே இருக்கிறது. பார்த்ததும் ஆசை வரும். ஆனால் நெட்டில் கிடைக்கிற முழு ஃபர்ம்வேர் (சிஸ்டம் ஃபைல்) ஓடின் என்கிற விண்டோஸ் மென்பொருளுக்கானது. கேபிள் வழியாக மட்டுமே ஏறும். டார் என்று முடிகிற அந்த ஃபைலுக்கு ஜிப் என்று பெயர் மாற்றிக் கார்டில் போட்டால் ரெக்கவரி ஏமாறாது. கார்டு வழியாக அது ஏற்றுக்கொள்வது சாம்சங் கையொப்பமிட்ட அப்டேட் ஜிப்பை மட்டும்தான். அந்தச் சிறு அப்டேட்டும் போனில் இப்போது இருக்கிற வெர்ஷனுக்குப் பொருந்தினால்தான் ஏறும். ஆக, லோகோவில் நிற்கிற சாம்சங்கும் செத்த பின்னும் சேர்ந்தால் முழு சாஃப்ட்வேருக்கு முதலில் பின்னைத்தான் கவனிக்க வேண்டும். சாம்சங்குக்கு ஒரு நல்லது சொல்லலாம்: 2016 ஜே7 போன்ற மாடல்களில் பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்து சார்ஜ் செய்யலாம். ரெட்மி நோட் 4-இல் அது நடக்காது. சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருக்கும்போது சார்ஜ் இறங்கிப் போன் அணைந்தால் பிறகு அது வெறும் கண்ணாடித் துண்டு.

பழைய ஓப்போ, ரியல்மி மாடல்கள் இந்த விஷயத்தில் மற்ற இரண்டையும்விட மேல். அவற்றின் ரெக்கவரியிலேயே ஸ்டோரேஜிலிருந்து இன்ஸ்டால் செய்கிற வழி இருந்தது. ஓஜிப் என்று முடிகிற கம்பெனி சாஃப்ட்வேர் ஃபைலை மெமரி கார்டில் போட்டுக் காட்டினால் எடுத்துக்கொள்ளும். கார்டை எஃப்ஏடி32 ஆக ஃபார்மட் செய்வது நல்லது. சில ரெக்கவரிகள் எக்ஸ்ஃபேட் என்கிற இன்னொரு ஃபார்மட்டைப் படிப்பதில்லை.

ஃபைலை அந்தப் பழைய போனிலேயே இறக்கப் பார்த்து 'பாதுகாப்பில்லாத தளம்' என்று மறித்தால் போனைத் திட்ட வேண்டாம். ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தையவற்றில் இணையதளங்களுக்குப் பாதுகாப்புச் சான்றிதழ் தருகிற லெட்ஸ் என்கிரிப்ட்டின் புது மூலச் சான்றிதழ் கிடையாது. அதைத் தாங்கிக்கொண்டிருந்த பழைய ஏற்பாடும் 2024 செப்டம்பரில் முடிந்துவிட்டது. வேறு போனில் இறக்கி, கார்டில் ஏற்றிக் கொண்டுவருவதே சுலபம்.

வைஃபை ஏடிபி, டிடபிள்யூஆர்பி

வைஃபை வழியாக ஏடிபி (கம்ப்யூட்டரிலிருந்து போனுக்குக் கட்டளை அனுப்புகிற வழி) என்று வீடியோக்களில் காட்டுவது ஆண்ட்ராய்டு 11-லிருந்து கேபிள் இல்லாமலே இணையும். அதற்கு முந்தையவற்றில் ஒரு தடவையாவது கேபிள் போட வேண்டும், அல்லது ரூட், அதாவது சிஸ்டத்தின் முழு அதிகாரம், திறந்திருக்க வேண்டும். இணைந்தாலும் அது போட்டோக்களை இழுக்க, வேண்டாத ஆப்களைக் கழற்ற, வால்யூம் பட்டன் செத்த போனை ரெக்கவரிக்குள் அனுப்ப உதவும். சிஸ்டம் எழுத உதவாது. ரெக்கவரிக்குள்ளும், கம்ப்யூட்டரிலிருந்து சிஸ்டம் எழுதுகிற ஃபாஸ்ட்பூட்டுக்குள்ளும் போனதும் வைஃபை அறுந்துவிடும்.

டிடபிள்யூஆர்பி (கம்பெனி ரெக்கவரிக்குப் பதில் போடுகிற வெளி ரெக்கவரி) ஏற்கெனவே ஏற்றியிருந்தால் நீங்கள் ராஜா. கார்டிலிருந்து எதையும் ஏற்றலாம், முழு பேக்கப்பையும் கார்டிலேயே எடுக்கலாம். இனிமேல்தான் ஏற்ற வேண்டும் என்றால் ரெட்மியில் பூட்லோடர் (போன் ஆன் ஆகும்போது முதலில் ஓடுகிற நிரல்) பூட்டைத் திறக்கவே கம்ப்யூட்டரும் கேபிளும் வேண்டும். ஒரே தட்டில் ரூட் ஆக்குகிறோம் என்கிற ஆப்களை நம்பி, பேங்க் ஆப் இருக்கிற போனைக் கொடுக்காதீர்கள்.

பின்னையே மாற்றிவிட்டால்?

என் ஓட்டு பெரும்பாலும் இதற்குத்தான். பல மாடல்களில் சார்ஜிங் பின் மதர்போர்டில் இல்லை. அடியில் தனியாக ஒரு சின்ன சப் போர்டில் இருக்கிறது. பின்மூடியைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுத்து, ஃபிளெக்ஸ் (இணைப்புப் பட்டை) பிரித்து, புது போர்டைப் பொருத்தினால் வேலை முடிந்தது. பற்றவைப்பே கிடையாது. பின் நேரே மதர்போர்டில் இருந்தால் மட்டும் ஹாட் ஏர் வைத்து எடுக்க வேண்டும். பக்கத்து பிளாஸ்டிக் கனெக்டர் உருகாமல், டேட்டா தடம் பெயராமல் எடுப்பது கைப்பழக்கம் உள்ளவர் வேலை. தடம் பெயர்ந்தால் ஜம்பர், அதாவது மெல்லிய கம்பி போட்டு இணைப்பார்கள். இன்னும் சிலர் பின்னை விட்டுவிட்டு, வெட்டிய கேபிளின் நான்கு கம்பியையும் போர்டில் நேரடியாகப் பற்றவைத்து, சாஃப்ட்வேர் ஏற்றிவிட்டுக் கழற்றிக் கொடுப்பார்கள். போட்டோ மட்டும் மீண்டால் போதும் என்கிற போனுக்கு இது நல்ல வழி.

"மதர்போர்டு போச்சு" என்று போனைத் திறக்காமலே சொல்கிற கடையை விட்டு இறங்கிவிடுங்கள். சப் போர்டு மாற்றினால் பணம் கொடுக்கும் முன் இரண்டு காரியம் செய்யுங்கள். சார்ஜ் ஏறுவதை மட்டும் காட்டினால் போதாது. கடைக் கம்ப்யூட்டரில் மாட்டி, போன் பெயர் திரையில் வருகிறதா என்று பாருங்கள். அப்புறம் அங்கேயே நின்று ஒரு கால் போட்டுப் பேசுங்கள். பல போன்களில் மைக்கும் அந்தச் சப் போர்டில்தான் உட்கார்ந்திருக்கிறது. மலிவு போர்டில் முதலில் பழுதாவது அதுதான்.