படம் ஓடுகிறது, நாதஸ்வரம் எங்கே? கோத்தகிரியில் ஒரு கைபேசி அனுபவம்

கோத்தகிரிப் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் எங்காவது மரம் சாயும், மின்சாரம் போகும், சற்று நேரத்தில் சிக்னலும் போகும். அதனால் எங்கள் வீட்டில் வீடியோ என்றால் பெரும்பாலும் மெமரி கார்டில் ஏற்றி வைத்ததுதான். நடுத்தர விலை ஆண்ட்ராய்டு கைபேசி ஒன்றைச் சில ஆண்டுகளாகப் பயன்படுத்துகிறேன். கேமராவைப் புகழ நிறையப் பேர் இருக்கிறார்கள். கொடுத்த கோப்பை ஓட்டுகிறதா என்பதுதான் என் கவலை.

சாதாரண எம்பி4 என்றால் தொல்லையே இல்லை. உள்ளே வீடியோவைச் சுருக்க 2003-இல் வந்த எச்.264 முறை இருந்தால் எந்தக் கைபேசியும் ஓட்டிவிடும். 2013-இல் வந்த எச்.265-உம் நன்றாக ஓடுகிறது; ஏறக்குறைய பாதி இடத்தில் அதே தரம் கிடைப்பதால் கார்டு சீக்கிரம் நிரம்புவதில்லை.

வம்பு வந்தது அக்கா மகள் கல்யாண வீடியோவில். ஸ்டுடியோக்காரர் கேமராவில் இருந்ததை அப்படியே பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டார். அத்தனையும் எம்டிஎஸ் கோப்புகள், அதாவது சில வீடியோ கேமராக்கள் பதியும் வடிவம். கைபேசியோடு வந்த பிளேயரில் படம் ஓடியது, சத்தம் இல்லை. "என்னப்பா, மேளக்காரருக்குப் பணம் கொடுக்கவில்லையா?" என்று கேட்டார் அத்தை. அந்த வகைக் கேமராக்கள் பெரும்பாலும் ஒலியை டால்பியின் ஏசி-3 முறையில் பதிகின்றன. அதற்கான வசதி இல்லாத கைபேசி ஊமையாகிவிடும். விஎல்சி என்ற பிளேயர் செயலி தனக்கு வேண்டியதைத் தன்னோடே வைத்திருப்பதால் அதில் நாதஸ்வரம் கேட்டது.

ஆனால் மணமகள் கையைத் தூக்கும்போதெல்லாம் வளையலின் ஓரம் சீப்புப் பல் போலப் பிளந்து தெரிந்தது. ஒற்றைப்படை வரிகளையும் இரட்டைப்படை வரிகளையும் வெவ்வேறு கணத்தில் பதியும் 1080ஐ முறையின் வேலை இது. கணினியில் ஹேண்ட்பிரேக் மென்பொருளைத் திறந்து, அந்த வரிகளை ஒன்றுசேர்க்கும் டீஇன்டர்லேஸ் கொடுத்து, ஒலியைக் கைபேசிக்குப் புரியும் ஏஏசி முறைக்கு ஆக்கி எம்பி4-ஆக மாற்றியதும் சரியானது. ஸ்டுடியோவே செய்து தந்திருக்க வேண்டிய வேலை.

எல்லாவற்றுக்கும் விஎல்சி இருக்கிறதே என்று இருந்துவிடவும் முடியாது. வழக்கமான 8 பிட்டைவிட நிறங்களை நுணுக்கமாகப் பதியும் 10 பிட் எச்.264 கோப்பு ஒன்றைப் போட்டால் என் கைபேசியின் சிப்புக்கு அது புரிவதில்லை. மொத்தப் பாரமும் பிராசஸர் தலையில் விழுகிறது. பின்பக்கம் சுடுகிறது, சார்ஜ் மளமளவென்று இறங்குகிறது. மார்கழிக் குளிரில் லித்தியம் பேட்டரி ஏற்கெனவே சோர்ந்துதான் கிடக்கும். கை காய்வதற்கு வேண்டுமானால் உதவும்.

தம்பி ஐபோனில் எடுத்து அனுப்பும் வீடியோக்களில் தேயிலைப் பச்சை வெளுத்துச் சாம்பல் பூத்திருந்தது. ஐபோன் 12 முதல், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும் எச்டிஆர் முறையிலும் பதிய முடியும். அந்த நிறங்களைச் சரியாக மாற்றத் தெரியாத பிளேயரில் இப்படித்தான் வரும். கேமரா அமைப்பில் எச்டிஆர் வீடியோவை அணைக்கச் சொன்னேன், பச்சை திரும்பியது.

2018-இல் வெளியான ஏவி1 என்ற சுருக்க முறை மட்டும் இன்னும் என் கைபேசிக்கு எட்டவில்லை; அதை ஓட்டும் வன்பொருள் இதில் கிடையாது. ஐபோனிலேயே 2023-இன் 15 புரோவில்தான் அது வந்தது. அடுத்த கைபேசி வாங்கும்போது சிப்பின் விவரத்தில் ஏவி1 இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பணத்தை எடுப்பேன். மெமரி கார்டு போட இடம் இல்லையென்றால் அதுவும் வேண்டாம்.