போர்த்துகீசியத்தில் வாழ்த்துவது: ‘போவா சோர்த்’ எங்கே எடுபடும், எங்கே எடுபடாது

போர்த்துகீசியம் படிக்கத் தொடங்குகிறவர்களுக்கு முதல் சில பாடங்களிலேயே கிடைத்துவிடுகிற வாழ்த்து ‘போவா சோர்த்’. போவா என்றால் நல்ல, சோர்த் என்றால் அதிர்ஷ்டம். பிழையில்லாத தொடர், போர்த்துகல், பிரேசில், அங்கோலா, மொசாம்பிக் எங்கே சொன்னாலும் புரியும். ஆனால் அந்த மொழியிலேயே வருடக்கணக்கில் புழங்கிப் பார்த்தால் ஒன்று தெரியவரும். முடிவு நம் கையில் இல்லாதபோதும், அதிகம் பழகாத ஒருவரை வழியனுப்பும்போதும்தான் இந்தத் தொடர் இயல்பாக வருகிறது. நெருங்கியவரிடம், அதுவும் அவர் மாதக்கணக்கில் உழைத்துத் தயாரான ஒரு விஷயத்துக்குப் போகும்போது, அங்கே பிறந்து வளர்ந்தவர்கள் பெரும்பாலும் வேறொன்றைச் சொல்கிறார்கள். அந்த வேறொன்று எது என்று பிடிபட்டுவிட்டால் பேச்சில் அந்நியத்தன்மை பாதி குறைந்துவிடும்.

முதலில் உச்சரிப்பு. ‘போவா’வில் வருவது ‘பஸ்’ஸில் வரும் ப. போர்த்துகலில் ‘சோர்த்’ என்று சொல்லின் கடைசி உயிரெழுத்து கிட்டத்தட்ட காணாமல் போய்விடும். பிரேசிலின் பெரும்பகுதியில் அதே சொல் ‘சோர்ச்சி’. ரியோ டி ஜெனிரோவில் நடுவில் உள்ள ர் தொண்டைக்குப் போய் ‘சோஹ்ச்சி’ ஆகும். ரெசிஃபி பக்கம் ச்சி இல்லை, ‘சோஹ்த்தி’. எந்த ஊர் உச்சரிப்பானாலும் அழுத்தம் ‘சோ’வில்தான். தமிழர்களுக்கு இந்த மொழியில் இரண்டு வசதிகள் உண்டு. இவர்களுடைய த பல்லில் நாக்கு படுகிற நம் த-வேதான். ஆங்கிலப் பழக்கத்தில் ட போட்டுவிடாமல் இருந்தால் போதும். இன்னொன்று மூக்கொலி. நல்லபடியாக என்ற பொருளில் வரும் ‘பெய்ங்’, லிஸ்பனில் ‘பைங்’, உதட்டை மூடி முடிகிற சொல் அல்ல. ‘மரம்’, ‘பணம்’ என்று வேகமாகப் பேசும்போது கடைசி ம்-ஐ உதடு ஒட்டாமல் மூக்கில் விட்டுவிடுகிறோமே, அதே வேலைதான். ஐரோப்பியர் பலர் திணறுகிற இடத்தை நாம் சுலபமாகத் தாண்டிவிடலாம்.

இலக்கணத்தில் தவறு நடப்பது பெரும்பாலும் இரண்டு இடத்தில். ‘சோர்த்’ பெண்பால் சொல். அதனால் ‘போவா’தான், ‘போம்’ அல்ல. அடுத்தது, எதற்கான வாழ்த்து என்று சேர்க்கும்போது. பரீட்சைக்கு என்றால் பிரேசிலில் ‘போவா சோர்ச்சி நா ப்ரோவா’. போர்த்துகலில் ‘போவா சோர்த் பரா உ இசாம’ என்பது அதிகம். பரா வர வேண்டிய இடத்தில் ‘பொர்’ போட்டால் கேட்பவருக்கு உடனே உறுத்தும். யாருக்கு என்று சேர்ப்பதானால், போர்த்துகலில் நண்பருக்கு ‘பரா தி’, மரியாதை தர வேண்டியவருக்கு ‘பரா ஸி’. அதாவது நம் ‘உனக்கு’, ‘உங்களுக்கு’. பிரேசிலில் பெரும்பாலும் இந்தத் தொல்லை இல்லை. ‘ப்ரா வொசே’ போதும். முழு வாக்கியமாகச் சொல்லும்போது இரு நாடுகளும் பிரிகின்றன. லிஸ்பன்காரர் ‘தெஸெய்ஜு-த் போவா சோர்த்’ என்று வினைக்குப் பின்னால் ‘உனக்கு’வை ஒட்டுவார். பிரேசில்காரர் ‘தி தெஸேஜு போவா சோர்ச்சி’ என்று முன்னால் வைப்பார். மாற்றிச் சொன்னாலும் புரியும், ஆனால் எந்த நாட்டில் பழகினீர்கள் என்பது தெரிந்துவிடும்.

அதிர்ஷ்டத்தை இழுக்காமலே வாழ்த்துவது இந்த மொழியின் பெரிய வசதி. செய்யப்போகிற காரியத்தின் பெயருக்கு முன்னால் ‘நல்ல’ என்று போட்டுவிட்டால் முடிந்தது. பரீட்சைக்கு ‘போவா ப்ரோவா’, ஆட்டத்துக்கு ‘போம் ஜோகு’, பயணத்துக்கு ‘போவா வியாஜெய்ங்’, வேலைக்குப் போகிறவருக்கு ‘போம் த்ரபால்யு’. பிரேசிலில் 1998 முதல் நடந்துவரும் எனெம் என்ற தேசியத் தேர்வு, 2017-லிருந்து அடுத்தடுத்த இரண்டு ஞாயிறுகளில், வழக்கமாக நவம்பரில் நடக்கிறது. அந்த வாரங்களில் வீட்டில் உள்ளவர்கள், பக்கத்து வீட்டுக்காரர், தேர்வறைக் கண்காணிப்பாளர் எல்லார் வாயிலும் வருவது ‘போவா ப்ரோவா’தான். படித்தவனிடம் போய் அதிர்ஷ்டத்தைப் பற்றிப் பேசாமல், தேர்வு நன்றாக அமையட்டும் என்கிற அந்தத் தொனி மிகவும் பொருத்தமானது. எது சரி என்று சந்தேகம் வந்தால் இந்த அச்சையே பயன்படுத்துங்கள். சொல் ஆண்பாலா பெண்பாலா என்று மட்டும் பார்த்து போம், போவா மாற்ற வேண்டும்.

இன்னும் நெருக்கம் என்றால் வாழ்த்துவதையே விட்டுவிட்டு, நடக்கும் என்று உறுதியாகச் சொல்லிவிடுவார்கள். போர்த்துகலில் ‘வாய் குர்ரேர் தூது பைங்’. பிரேசிலில் ‘வாய் தார் தூது செர்த்து’. இரண்டுக்கும் பொருள் நம் ‘எல்லாம் நல்லபடியா நடக்கும்’தான். இந்த இரண்டையும் நாடு மாற்றிப் பயன்படுத்தினால் புரியாமல் போகாது, ஆனால் அந்த ஊர் வழக்கில் ஒட்டாது. மருத்துவமனையில் அறுவை சிகிச்சைக்குப் போகிறவரிடம் சொல்ல வேண்டியது இதைத்தான். அங்கே ‘போவா சோர்த்’ சொன்னால், பிழைப்பது அதிர்ஷ்டம் என்கிற மாதிரி ஆகிவிடும். ‘ஃபோர்சா’, அதாவது பலம், என்ற சொல்லிலும் கவனம் தேவை. போர்த்துகலில் ஓட்டப்பந்தயக்காரருக்கும் பரீட்சைக்காரருக்கும் உற்சாகமாக ‘ஃபோர்சா!’ என்று கத்தலாம். பிரேசிலில் அது துக்கத்திலோ நோயிலோ இருப்பவருக்கு ஆறுதலாகச் சொல்லும் சொல்லாக அதிகம் வருகிறது. நேர்முகத் தேர்வுக்குக் கிளம்புகிறவருக்கு அங்கே இது எடுபடாது.

பிரேசிலில் அதிகம் உழைக்கிற சொல் ‘தோர்சேர்’. முறுக்குவது என்பது அதன் நேர்ப்பொருள். கால்பந்து ரசிகர் தன் அணிக்காகத் தவிப்பதும் இதே வினைதான், ரசிகர் கூட்டத்துக்குப் பெயர் ‘தொர்சீதா’. ஆகவே ‘தோ தொர்சேந்து பொர் வொசே’ என்றால், உனக்காக நான் தவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன் என்று அர்த்தம். முன்னே ‘பொர்’ தவறு என்றோமே, இந்த வினையோடு மட்டும் அதுதான் சரி. நேர்முகத் தேர்வுக்கு முந்தின இரவு ஒருவருக்கு அனுப்ப இதைவிட நல்ல செய்தி பிரேசில் பேச்சில் இல்லை. முடிவு வரும்வரை மறுபடி மறுபடி விசாரிக்கும் உரிமையையும் அது கொடுத்துவிடுகிறது.

போர்த்துகலில் அந்த இடத்தை நிரப்புவது ‘ஃபீகா’. கையை மூடி, கட்டைவிரலை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே நுழைத்து, நுனி சற்று வெளியே தெரியும்படி பிடிப்பது. ‘இஷ்தோ அ ஃபஸேர் ஃபீகஷ்’ என்றால் உனக்காக அந்த முத்திரை பிடித்துக்கொண்டிருக்கிறேன் என்பது. செய்துகாட்டாமல் வாயால் சொன்னாலே போதும். பிரேசிலில் இதே கை வடிவம் மரத்திலும் உலோகத்திலும் செய்த தாயத்தாகக் கழுத்தில் தொங்கும். பாயியா மாநிலத்தில் கடைக்குக் கடை கிடைக்கும். இந்த இரு நாடுகளுக்கு வெளியே கையை இப்படிப் பிடிக்காமலிருப்பது நல்லது. துருக்கியிலும் இந்தோனேசியாவிலும் அது ஆபாசச் சைகை. விரல்களைப் பின்னிக் காட்டுவதும், ‘தேதுஷ் க்ருஸாதுஷ்’ என்று சொல்வதும் இரு நாட்டிலும் உண்டு, அதில் ஆபத்தில்லை.

‘நடந்தால் நன்றாயிருக்கும்’ என்று ஏங்கும்போது வரும் சொற்களில்தான் படிப்பவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். போர்த்துகலில் ‘ஓஷலா’. அரபு ‘இன்ஷா அல்லா’ வகையிலிருந்து ஐபீரிய முஸ்லிம் ஆட்சிக் காலத்தில் வந்து தங்கிய சொல். இன்று கிறிஸ்தவர், நாத்திகர் எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். பிரேசிலில் அது எழுத்து வாடை அடிக்கும். போதாததற்கு அங்கே ‘ஓஷலா’ என்பது ஆப்பிரிக்க வழிபாட்டு மரபில் ஒரு தெய்வத்தின் பெயரும்கூட. பிரேசில் பேச்சில் கைகொடுப்பது ‘தொமாரா கி’. இரண்டுக்கும் பின்னால் வினை விருப்ப வடிவத்தில்தான் வர வேண்டும். ‘தொமாரா கி தே செர்த்து’ சரி, ‘தொமாரா கி தா செர்த்து’ தவறு. ‘ஓஷலா கோர்ரா பைங்’ சரி, ‘கோர்ரெ’ தவறு. ஒரே ஒரு உயிரெழுத்துதான் வேறுபாடு. ஆனால் ‘நடக்கட்டும்’ என்பதற்கும் ‘நடக்கிறது’ என்பதற்கும் உள்ள தூரம் அதில் இருக்கிறது, கேட்பவர் காதில் கட்டாயம் இடறும். ‘கடவுள் மனசு வைத்தால்’ என்பதற்கு ‘ஸி தேவுஷ் கிஸேர்’. இது எதிர்கால விருப்ப வடிவம் என்று ஆராய்ந்து மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம், ஒரே சொல்லாக மனப்பாடம் செய்துவிடலாம்.

சில இடங்களுக்குத் தனி வாழ்த்து உண்டு. அங்கே ‘போவா சோர்த்’ கூடவே கூடாது. நாடகமேடை அதில் முதல். மேடையேறப் போகிறவரிடம் போர்த்துகலில் ‘மூய்ந்தா மேர்தா’, பிரேசிலில் வெறும் ‘மேர்தா’. சாணம், மலம் என்பதுதான் பொருள். குதிரை வண்டியில் ரசிகர்கள் வந்த காலத்தில் வாசலில் சாணம் குவிந்தால் அரங்கம் நிறைந்தது என்று அர்த்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் காரணம். இதற்கு நன்றி சொல்லக்கூடாது, அது மேடைக்காரர் வழக்கம். ஆங்கில நாடகக்காரர்கள் சொல்கிற ‘கால் உடையட்டும்’ வாழ்த்தை அப்படியே மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டாம்.

பிரசவத்தை எதிர்பார்த்திருக்கும் பெண்ணிடம் போர்த்துகலில் சொல்வது ‘ஊமா ஒரீஞா பிகெனீனா’. குட்டியூண்டு ஒரு நேரம், அதாவது வலி சீக்கிரம் முடிந்து சுகப்பிரசவம் ஆகட்டும் என்பது. பெரியவர்கள் சொல்லித்தான் அதிகம் கேட்கலாம். அந்நியர் ஒருவர் வாயிலிருந்து வந்தால் கேட்கிறவர் முகம் மலர்ந்துவிடும். இந்த மொழியில் உள்ள வாழ்த்துகளிலேயே மிக அழகானது இது. நோயாளிக்கு ‘அஷ் மெல்யோரஷ்’, பிரேசிலில் ‘மெல்யோரஸ்’ மட்டும். கல்யாணத்துக்கு ‘ஃபெலிசிதாதிஷ்’. புதுக்கடை, பதவி உயர்வு என்றால் பிரேசிலில் ‘சுசேசு’.

‘போவா சோர்த்’ வாழ்த்தாகவே இல்லாமல் போகிற இடங்களும் உண்டு. ஒருவர் நடக்காத காரியத்தை இழுத்துப்போட்டுக்கொண்டிருக்கும்போது ‘போவா சோர்த் கோங் இசு’, அதாவது இந்த விஷயத்துக்கு வாழ்த்துகள், என்றால் பெரும்பாலும் ‘உருப்பட்ட மாதிரிதான்’ என்று பொருள். சண்டையின் முடிவிலோ உறவு முறியும்போதோ ‘எந்தாவுங், போவா சோர்த்’ என்றால் ‘இனி உன் வழி உனக்கு’. வேலைக்கு எடுக்கவில்லை என்று வருகிற மின்னஞ்சலின் கடைசி வரியும் பல நேரம் இதுதான். குரலில்தான் வித்தியாசம். உண்மையான வாழ்த்து வேகமாக, ‘சோ’வில் துள்ளி, முகம் பார்த்து வரும். ‘போ’வை நீட்டி, குரலை இறக்கி முடித்தால் குத்தல். நம்மவர்கள் தயங்கித் தயங்கி, ஒவ்வொரு அசையாக, தட்டையாகச் சொல்வது இந்த இரண்டாவது வகைக்குப் பக்கத்தில் போய் நின்றுவிடுகிறது. சொல் சரியாக இருந்தும் எதிரே இருப்பவர் சிரிக்காமல் பார்த்தால் காரணம் அநேகமாக இதுதான். ‘அஸார் உ தேவு’ என்ற தொடரையும் தவிர்க்க வேண்டும். ‘அஸார்’ என்றால் துரதிர்ஷ்டம், ‘கி அஸார்!’ என்றால் ‘அடடா, இப்படி ஆகிவிட்டதே’ என்கிற பரிவு. ‘அஸார் உ தேவு’ என்றாலோ ‘உன் தலையெழுத்து, எனக்கென்ன’.

நல்லது சொன்ன வாயால் கெட்டதும் வந்துவிட்டால் அதைத் தட்டிவிடவும் சொல் இருக்கிறது. போர்த்துகலில் மரத்தைத் தட்டியபடி ‘லகார்த்து, லகார்த்து, லகார்த்து’ என்று பல்லியினத்தை மூன்று முறை கூப்பிடுவார்கள். பிரேசிலில் மரத்தை மூன்று தட்டுத் தட்டி ‘இஸோலா!’ எனப்படும். புதுக் காரியத்தை ‘கோங் உ பே திரெய்து’, வலது காலை எடுத்துவைத்துத் தொடங்குவது இரு நாட்டிலும் உண்டு. நமக்கு விளக்கமே தேவைப்படாத வாழ்த்து அது. கைராசிக்காரரைப் போல அங்கே கால்ராசி: எவர் மைதானத்துக்கு வந்தால் அணி ஜெயிக்கிறதோ அவர் ‘பே கேஞ்சி’, சூட்டுக்கால், வந்தாலே தோற்றால் ‘பே ஃப்ரீயு’, குளிர்கால். பிரேசில் கால்பந்துப் பேச்சில் இவை தினசரிச் சொற்கள்.

பிரேசிலின் சல்வடோர் நகரத்து போன்ஃபிம் தேவாலயத்தின் நாடாவை யாராவது உங்கள் மணிக்கட்டில் கட்டினால் அதுவும் ஒரு வாழ்த்துதான். மரபான நீளம் 47 சென்டிமீட்டர், கோயிலில் உள்ள இயேசு சிலையின் கையளவு. மூன்று முடிச்சு, முடிச்சுக்கு ஒரு வேண்டுதல். வேண்டுதலை வெளியே சொல்லக்கூடாது, நாடாவைக் கத்தரிக்கவும் கூடாது. தானாக இற்று விழ வேண்டும்.

வாழ்த்து உங்களுக்கு வந்தால், நன்றி சொல்ல ஆண் ‘ஒப்ரிகாது’, பெண் ‘ஒப்ரிகாதா’. பிரேசில் இளைஞர்களிடம் ‘வலேவு’. ‘உங்களுக்கும் அப்படியே’ என்கிற ‘இக்வல்மெந்த்’ இருவரும் ஒரே பரீட்சைக்கோ ஆட்டத்துக்கோ போகும்போது மட்டுமே பொருந்தும். எல்லாம் நல்லபடியா நடக்கும் என்று ஒருவர் உறுதியாகச் சொன்னால் அதற்கு வெறும் நன்றி போதாது. ‘தேவுஷ் தி ஓசா’, கடவுள் காதில் விழட்டும், என்பார்கள். பிரேசிலில் ‘அமேங்’ என்பதும் உண்டு. உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் என்று நாம் சொல்கிற இடம் அது.